குறுக்கெழுத்தில் கவிழ்ந்து கிடக்கும் தமிழ்!

நாளிதழைக் கையில் எடுத்தவுடன் தலையங்கத்தைத் தேடுவோர் சிலர். விளையாட்டுச் செய்தியைத் தேடுவோர் சிலர். கரியும் வெள்ளையுமாய்க் கட்டங்கள் வரையப்பெற்ற மூலையைத் தேடி, எழுதுகோலோடு அமர்வோரும் தமிழ்நாட்டில் பலர் உளர். ஓய்வுபெற்ற முதியோர், தொடர்வண்டியில் வேலைக்குச் செல்வோர், உலை கொதிக்கும் இடைவேளையில் ஒரு சொல்லை நிரப்பிவிட்டுச் செல்லும் இல்லத்தரசியர் எனப் பல திறத்தார் அவருள் அடங்குவர். இவர்களுள் எவரும் தமிழ் கற்பதற்கென்று அமர்வதில்லை. ஆயினும், தமக்குத் தெரியாத ஒரு தமிழ்ச்சொல்லைத் தாமே விரும்பித் தேடும் நேரம் அவர்தம் நாளில் அஃது ஒன்றே. நாளொன்றுக்கு இருபது குறிப்புகள் என்று கொண்டாலும், ஓராண்டில் 7300 சொற்கள் அவர்தம் கண்முன் வந்து நின்று செல்கின்றன. எந்தத் தமிழாசிரியருக்கும் கிட்டாத வகுப்பறை இது!

அவ்வகுப்பறையில் கற்பிக்கப்படும் தமிழ் எத்தகையது? 'ரசம்', 'ரதம்', 'ராணி', 'லாபம்', 'லட்டு', 'டப்பா', 'ஜன்னல்' என்னும் இரவற் சரக்குகள் ஒருபுறம். திரைப்பட நடிகர்தம் பெயர்கள் மற்றொருபுறம். இவற்றினும் கொடிது ஒன்று உண்டு. குறிப்புகளின் மேல் 'வலமிருந்து இடம்', 'கீழிருந்து மேல்' என்று தலைப்பிட்டு, தமிழ்ச்சொற்களைத் தலைகீழாய்க் கவிழ்த்து வைப்பதும், அதுவும் இயலாதபோது 'குழம்பியுள்ளது' என்று அடைப்புக்குறிக்குள் எழுதிச் சொல்லின் எழுத்துகளைக் கலைத்துப் போடுவதும் நாள்தோறும் நடக்கின்றன. ஆங்கிலக் குறுக்கெழுத்து இடமிருந்து வலமும் மேலிருந்து கீழுமே செல்ல, ஆங்கில மாணாக்கன் 'ட்ரீ' என்பதை நேராக எழுதுகின்றான். தமிழன் 'மரம்' என்பதை 'ம்ரம' என்று எழுதக் கற்கின்றான்! இதற்கு விளையாட்டு என்று பெயர்!

இதைக் கேட்டால் புதிர் புனைவோர் ஆயத்தமாய் வைத்திருக்கும் விடை ஒன்று உண்டு: "ஆங்கிலத்துக்கு 26 எழுத்து, தமிழுக்கு 247. குறுக்கும் நெடுக்கும் எழுத்து எளிதில் பொருந்தாது. தமிழ் இவ்விளையாட்டிற்கு ஏற்றதன்று." தம் கைத்திறக் குறையைத் தாய்மொழியின் தலையில் ஏற்றும் இவ்விடை பொய் என்பதை நிறுவ நெடுந்தொலைவு செல்லவேண்டா, அவர்கள் வரையும் கட்டத்தையே எடுத்துப் பார்த்தால் போதும்.

மூலைக் கட்டம் காட்டும் உண்மை

கட்டத்தின் மேல்வரிசையில் 'மரம்' என்று எழுதப்பெறுகிறது. அதன் இறுதிக் கட்டத்தில் 'ம்' நிற்கிறது. அக்கட்டத்திலிருந்தே கீழ்நோக்கி ஒரு சொல் தொடங்கவேண்டும் என்று கட்டம் வரைந்தாயிற்று. 'ம்' என்னும் மெய்யில் தொடங்கும் தமிழ்ச்சொல் உண்டா? தனிமெய் மொழிக்கு முதலாகாது என்பதைத் தொல்காப்பியத்தின் மொழிமரபு அறிந்தார் எவரும் அறிவர். புதிர் புனைவோர் அதை எண்ணிப் பாராமல் கட்டத்தை வரைந்துவிட்டார். இப்பொழுது வழி? 'ம்' என்பதில் முடியும் சொல் ஒன்றைக் கீழிருந்து மேலாக ஏற்றிவிடுகிறார். தலைகீழ்ச் சொல் பிறக்கும் இடம் இதுவே.

இனி இரவற்சொல் பிறக்கும் இடத்தையும் காணலாம். ட, ண, ர, ல, ழ, ள, ற, ன என்னும் எட்டும் தமிழ்ச்சொல்லுக்கு முதலில் வாரா. 'மலர்' என்று குறுக்கே எழுதி, அதன் நடுவில் நிற்கும் 'ல' என்னும் எழுத்திலிருந்து கீழ்நோக்கி ஒரு சொல்லைத் தொடங்கினால் 'லட்டு' வராமல் வேறு என்ன வரும்? 'கடல்' என்பதன் நடுவெழுத்தில் தொடங்கினால் 'டப்பா' வரத்தான் செய்யும். 'விரல்' என்பதன் நடுவில் தொடங்கினால் 'ரசம்' ஊற்றத்தான் வேண்டும். அதே 'ல' கீழ்நோக்கிய சொல்லின் நடுவில் நிற்குமாறு கட்டத்தை ஒரு வரிசை மேலேற்றி வரைந்திருந்தால் 'கலம்', 'உலகு', 'நிலவு', 'பலகை', 'சிலம்பு' என்று தமிழ்ச்சொற்கள் வரிசையில் வந்து நின்றிருக்கும். 'ட' என்பதற்குப் 'படகு', 'குடம்', 'வடம்'. 'ர' என்பதற்கு 'அரசு', 'முரசு', 'கரடி'. சொல்லுக்குப் பஞ்சமா? கட்டம் வரைந்தவரின் இலக்கண அறிவுக்குப் பஞ்சமா?

மூலைக் கட்டத்திற்கும் தமிழே வழி காட்டுகிறது. கு, சு, து, பு என்னும் உகர ஈற்றில் முடியும் தமிழ்ச்சொற்கள் எண்ணற்றன. இந்நான்கு எழுத்துகளும் சொல்லின் முதலிலும் நிற்கும் உரிமையுடையன. மேல்வரிசையில் 'படகு' என்று எழுதினால் மூலையிலிருந்து 'குதிரை' இறங்கும். 'அரசு' என்றால் 'சுடர்' இறங்கும். 'பத்து' என்றால் 'துணை'. 'நெருப்பு' என்றால் 'புகழ்'. 'பறவை' என்று எழுதின் 'வையம்' இறங்கும். மெய்யில் முடியும் சொற்களை, அவற்றின் ஈற்றெழுத்து எதனோடும் பின்னாமல் தனித்து நிற்கும் இடத்திலோ, மற்றொரு சொல்லின் இடையிலோ ஈற்றிலோ பொருந்தும் இடத்திலோ வைத்தல் வேண்டும். இவ்வளவே முறை! கவிழ்ந்த சொல், இரவற்சொல் என்னும் இரண்டும் இருவேறு நோய்கள் அல்ல. எவ்வெழுத்து மொழிக்கு முதலாகும், எவ்வெழுத்து ஈறாகும் என்று அறியாமல் கட்டம் வரையும் ஒரே நோயின் இரு வெளிப்பாடுகள்.

"மாலைமாற்று என்று தலைகீழாய்ப் படிக்கும் பாடல் நம்மிடம் இல்லையா? திருஞானசம்பந்தர் பதிகமே பாடியுள்ளாரே!" என்று ஒரு சிலர் வாதிடலாம். மாலைமாற்று என்பது முன்னிருந்து படிப்பினும் பின்னிருந்து படிப்பினும் ஒன்றாகவே ஒலிப்பது. 'தேயாதே' என்பதையும் 'மாறுமா' என்பதையும் எப்புறமிருந்து படித்தாலும் அதே சொல். தொடக்க எழுத்தே ஈற்றெழுத்தாதலின், மெய்யெழுத்து அங்கே ஈற்றில் நிற்க முடியாது. நின்றால் முதலிலும் நிற்கவேண்டி வரும். எழுத்தைப் புரட்டி விளையாடிய புலவர்களும் மொழிமுதல் நெறியை மீறினாரல்லர் என்பதற்கு அதுவே சான்று. 'ம்ரம' என்று எழுதுவதற்கு அவர்களைத் துணைக்கு அழைப்பது அவர்களை இழிவு செய்வதாகும்.

ஆங்கில ஆசிரியர் செய்தது

குறுக்கெழுத்து தமிழருடைய கண்டுபிடிப்பு அன்று. இங்கிலாந்தின் இலிவர்ப்பூல் நகரிற் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய ஆர்தர் வின் என்பார், 1913 திசம்பர் 21-இல் 'நியூயார்க்கு வேர்ல்டு' என்னும் நாளிதழில் முதல் புதிரை வெளியிட்டார். தொடக்கத்தில் அங்கும் பிழைகள் மலிந்திருந்தன. அவ்விதழில் பணிக்கு வந்த மார்கரெட் பெதர்பிரிட்சு என்னும் அம்மையார், வந்த புதிர்களைத் தாமே அமர்ந்து விடுவித்துப் பார்த்துக் குறைகண்டு, நெறிகள் வகுத்துச் செப்பனிட்டார். 1924-இல் வெளிவந்த முதற் குறுக்கெழுத்து நூலின் பதிப்பாசிரியருள் அவர் ஒருவர். குறுக்கெழுத்தைப் பொழுதைக் கொல்லும் வீண்வேலை என்று 1924-இல் இகழ்ந்த 'நியூயார்க்கு தைம்சு' நாளிதழ், 1942-இல் அவ்வம்மையாரையே தன் முதற் புதிர்ப் பதிப்பாசிரியராக அமர்த்திக்கொண்டது. புதிரின் உயர்வு அதைப் புனைவோர் கையில் மட்டும் இல்லை. செப்பனிடுவோர் கையிலும் உள்ளது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

இங்கிலாந்தில் இவ்விளையாட்டு ஒரு கலையாக வளர்ந்தது யாரால்? கூலிக்கு இடம் நிரப்பியவர்களால் அன்று. 'அப்ரித்து' என்னும் புனைபெயரில் புதிர் இயற்றி, குறிப்பு எழுதுவோர்க்கு நேர்மை நெறியை வற்புறுத்தி 1949-இல் நூல் வெளியிட்ட ரிச்சி என்பார் ஒரு பள்ளித் தலைமையாசிரியர். 'சிமெனிசு' என்னும் பெயரில் 'அப்சர்வர்' இதழில் புதிர் இயற்றி, 1966-இல் குறுக்கெழுத்துக் கலைக்கு இலக்கண நூல் எழுதிய மேக்நட்டு என்பார் கிரேக்கமும் இலத்தீனும் கற்பித்த பள்ளியாசிரியர். சொல்லின் பொருளை நேராகச் சுட்டும் பகுதி ஒன்று, சொல்லமைவைக் காட்டும் பகுதி ஒன்று, இவ்விரண்டன்றிக் குறிப்பில் வேறு எதுவும் மிகையாக இருத்தல் ஆகாது என்பது அவர் வகுத்த நெறியின் சாறு.

'தெய்லி தெலிகிராப்பு' நாளிதழுக்கு 1925 முதல் புதிர் இயற்றிய இலியோனார்டு தாவே என்பாரும் தலைமையாசிரியரே. 1944-இல் நார்மண்டிப் படையெடுப்பிற்குச் சற்று முன்பு, படையினரின் மறைகுறிச் சொற்களாகிய 'ஓவர்லார்டு', 'உட்டா', 'ஒமாகா', 'மல்பெரி', 'நெப்டியூன்' ஆகியன அவர்தம் புதிர்களில் அடுத்தடுத்து வந்தமையால் உளவுத்துறையினர் அவரை வினவினர். குற்றம் ஏதும் காணாது விடுத்தனர். நாற்பது ஆண்டுகள் கழித்து, 1984-இல், அவர்தம் பழைய மாணாக்கர் ஒருவர் உண்மையை உரைத்தார்: தலைமையாசிரியர் வெற்றுக் கட்டங்களை மாணாக்கரிடம் கொடுத்துச் சொற்களால் நிரப்பச் சொல்வாராம், அருகில் தங்கியிருந்த படைவீரர் வாயிலிருந்து கேட்ட சொற்களைச் சிறுவர்கள் அறியாமல் இட்டு நிரப்பினராம். உளவுக் கதையை ஒருபுறம் வைத்துவிட்டு இதன் உட்பொருளை எண்ணுக. போர்க்காலத்திலும் ஓர் ஆசிரியர் தம் மாணாக்கரைச் சொற்களோடு விளையாட வைத்தார்! இங்கோ, குறுக்கெழுத்து என்றவுடன் முகம் சுளிக்கும் தமிழாசிரியர்களே மிகுதி. புலவர் விட்ட இடத்தில் அல்லாதார் புகுந்தனர். வீட்டைப் பூட்டாமல் சென்றவன் திருடனை மட்டும் பழிப்பது எங்ஙனம் முறையாகும்?

பரிசு விளைத்த கேடு

தமிழ்நாட்டில் குறுக்கெழுத்து வேரூன்றிய வகையும் கருதற்குரியது. 1930-களில் கிழமையிதழ்கள் பரிசுப் போட்டியாக அதைப் பரப்பின. ஆனந்த விகடன் நடத்திய போட்டி நாடறிந்தது. இந்திய நாடெங்கும் பின்னர்ப் பெருகிய பரிசுப் போட்டிகளில், ஒரு குறிப்புக்கு இரண்டு மூன்று சொற்கள் ஒருங்கே பொருந்துமாறு அமைத்து, அவற்றுள் ஒன்றை முன்னரே முத்திரையிட்டு வைத்து, அதை எழுதினார்க்கே பரிசு என்னும் முறை பரவிற்று. அறிவுக்கு அங்கு என்ன வேலை? சொல் சூதாட்டக் காயாயிற்று. 1955-இல் இந்திய நாடாளுமன்றம் சட்டம் இயற்றி, திங்களுக்கு 1000 உருபாவிற்கு மேற்பட்ட பரிசுப் போட்டிகளைத் தடுத்தது. திறமையைப் பெரிதும் சாராத இத்தகைய போட்டிகள் சூதாட்டமே என்று 1957-இல் உச்ச முறைமன்றம் தீர்ப்பளித்தது.

பரிசு போயிற்று, பரிசு விதைத்த பழக்கம் போகவில்லை. பல சொற்களுக்குப் பொருந்தும் மழுங்கிய குறிப்பை இன்றும் எழுதுகின்றனர். 'உயிரினம்' என்று குறிப்பெழுதி 'கரடி' என்று விடை வைக்கின்றனர். 'புலவி', 'புலரி', 'புலமை' என்பவற்றின் வேறுபாடு அறிந்து குறிப்பெழுதுவார் எத்தனை பேர்?

தமிழில் கூர்மையான குறிப்பு எழுத இயலாதா? "வானிலும் உண்டு, கிழமையிலும் உண்டு, ஆண்டுக்குப் பன்னிரண்டும் உண்டு (4)" என்றால் 'திங்கள்' என்று சிறுவனும் மகிழ்ந்து எழுதுவான். "எண்ணும் இதுவே, நீரும் இதுவே, செல்லும் வழியும் இதுவே (2)" என்றால் 'ஆறு'. அதற்கு வழி என்னும் பொருளும் உண்டென்பதை அன்றே கற்பான். "விரலின் நடு ஒடிந்தால் சேரர் கொடியில் நிற்கும் (2)" என்றால் 'வில்'. "கரும்பு தலைமாறினால் மொட்டு (4)" என்றால் 'அரும்பு'. இவற்றுள் இரவற்சொல் உண்டா? தலைகீழ் உண்டா? திரைப்படம் உண்டா? விடை ஒன்றே, அதை அடையும் வழி நேரியது, அடைந்தபின் உண்டாகும் உவகை தமிழால் உண்டாகும் உவகை.

முன்னோர் வைத்த கருவிகள்

புதிரைத் தமிழர் பிறரிடம் கற்கவில்லை. தொல்காப்பியச் செய்யுளியல் யாப்பின் வகைகளுள் 'பிசி' என்று அதற்கு இடம் அளித்துள்ளது. ஒரு சொற்றொடரில் இருபொருள் பொதியும் இரட்டுறமொழிதலில் காளமேகம் காட்டிய திறம் ஊரறிந்தது. எழுத்துகளைக் கட்டத்தில் அடைத்துப் பல வழியிலும் ஒன்றாகப் படிக்க வைக்கும் சுழிகுளம் முதலாய ஓவியப்பாக்களைத் தண்டியலங்காரம் வகுத்துரைக்கிறது. கட்டமும் எழுத்தும் தமிழருக்குப் புதியன அல்ல.

கருவி நூல்களோ கைக்கெட்டும் தொலைவில் உள்ளன. திவாகரத்தின் பதினொன்றாம் தொகுதி ஒருசொல் பலபொருளைத் தொகுத்துத் தருகிறது. இரட்டைப் பொருட்குறிப்பு எழுதுவார்க்கு அதனினும் சுரங்கம் இல்லை. மண்டலபுருடரின் சூடாமணி நிகண்டு, அதே தொகுதியை எதுகை முறையில், அதாவது சொல்லின் இரண்டாம் எழுத்தை அடிப்படையாகக் கொண்டு அடுக்கியுள்ளது. கட்டத்தில் இரண்டாம் எழுத்து விழுந்துவிட, அதற்கேற்ற சொல்லைத் தேடுவார்க்கு இதைவிடப் பொருத்தமான நூல் எது? சென்னைப் பல்கலைக்கழகப் பேரகராதி 1924 முதல் 1936 வரை ஆறு மடலங்களாய் வெளிவந்தது. மொழிஞாயிறு பாவாணர் தலைமையில் 1974-இல் தொடங்கிய செந்தமிழ்ச் சொற்பிறப்பியல் அகரமுதலிப் பணியின் முதன்மடலம் 1985-இல் வெளிவந்தது. இவற்றைத் திறவாமல் "தமிழில் சொல் இல்லை" என்பது, கிணற்றடியில் நின்றுகொண்டு நீரில்லை என்பது போன்றது.

கணினி வந்தபின் புதிய கேடு ஒன்றும் சேர்ந்துள்ளது. ஆங்கிலத்திற்கென அமைந்த மென்பொருளில் தமிழைத் திணிக்கின்றனர். ஒருங்குறியில் 'கல்' என்னும் ஈரெழுத்துச் சொல் மூன்று குறியீடுகளால் ஆகியது. புள்ளிக்கெனத் தனிக்குறியீடு உண்டு. தமிழ் எழுத்தின் இயல்பறியாத மென்பொருள் அதை மூன்று கட்டங்களில் பிய்த்து வைக்கும். உயிர்மெய் ஓரெழுத்து, அதற்கு ஒரு கட்டம். மெய் ஓரெழுத்து, அதற்கும் ஒரு கட்டம். கருவி தமிழுக்கு வளையவேண்டுமேயன்றித் தமிழ் கருவிக்கு வளைதல் ஆகாது.

தனித்தமிழ் அன்பர்க்கு ஒரு சொல்

இத்துணையும் உரைத்தபின், தூய தமிழில் புதிர் புனைய முற்படும் அன்பர்க்கும் ஒன்று கூறாமல் இருத்தல் இயலாது. அகரமுதலியின் அடியாழத்தில் கிடக்கும் அருஞ்சொற்களை வாரிக் கொட்டி இருபது கட்டங்களையும் நிரப்பினால், அது புலமையைக் காட்டுமேயன்றித் தமிழை வளர்க்காது. விடுவிக்க அமர்ந்தவர் மூன்றாம் குறிப்பிலேயே எழுதுகோலைக் கீழே வைத்துவிடுவார். மறுநாள் 'ரசம்' பரிமாறும் புதிரிடமே திரும்பிச் செல்வார். பிழை அவருடையது அன்று.

பதினெட்டுச் சொற்கள் எல்லாரும் அறிந்தனவாய் இருக்கட்டும். இரண்டு மட்டும் மறந்துபோனவையாய் இருக்கட்டும். அவ்விரண்டையும் வெட்டிச் செல்லும் சொற்கள் யாவும் எளியனவாய் அமையட்டும். 'ஞாலம்' என்பதை அறியாதவர்க்கும், 'ஞா' ஒன்றைத் தவிர ஏனைய எழுத்துகள் பின்னலால் தாமே விழுந்துவிடின், எஞ்சிய ஓரெழுத்தை அவர் தேடிக் கண்டடைவார். தாமே கண்டடைந்த சொல்லை எவரும் மறப்பதில்லை.

செய்யத் தக்கன

தமிழாசிரியர்கள் ஓய்வு நேரத்தில் இப்பணியை மேற்கொள்ளல் வேண்டும். பொன்செலவு இல்லை, கட்டம் வரைந்த தாளும், கரிக்கோலும், அழிப்பானும், ஓர் அகரமுதலியும் போதும். பதினைந்துக்குப் பதினைந்து என்னும் ஆங்கில அளவைப் பார்த்து மயங்காமல், ஒன்பதுக்கு ஒன்பது கட்டத்தில் தொடங்கலாம். ஒவ்வோர் எழுத்தும் இருபுறமும் பின்னும் அமெரிக்க முறையை விடுத்து, ஒன்றுவிட்டு ஒன்று பின்னும் ஆங்கிலேய முறையைக் கொள்வது 247 எழுத்துடைய மொழிக்கு ஏற்றது.

புதிரை முடித்தபின் மூன்று நாள் அப்படியே வைத்து, பின் புதிதாய்க் காண்பார்போல் அதனைப் பார்த்தல் வேண்டும். அதன்பின் விடையறியாத மற்றொருவரிடம் கொடுத்து விடுவிக்கச் செய்தல் வேண்டும். அவர் இடறும் இடமெல்லாம் குறிப்பின் குறை என்று கொள்க. ரகர றகர, லகர ளகர ழகர, னகர ணகர வேறுபாடுகளை எழுத்தெழுத்தாய்ச் சரிபார்த்தல், எழுத்தெண்ணிக்கையைக் குறிப்போடு ஒப்பிடல், ஒரு குறிப்பு வேறொரு சொல்லுக்கும் பொருந்துமோ என்று ஆராய்தல், ஒருமுறை வந்த அருஞ்சொல் மீண்டும் எந்நாளில் வந்தது என்று ஏட்டில் குறித்தல் ஆகியன செப்பனிடுவோர் கடமை.

இதழ் நடத்துவோர்க்கும் ஒன்று. செய்திக்கும் கட்டுரைக்கும் மெய்ப்புத் திருத்தும் இதழ், புதிர்ப்பகுதியை மட்டும் திருத்தாமல் விடுவது ஏன்? அதைப் படிப்பவர் ஒவ்வொரு கட்டத்தையும் தம் கையால் எழுதுகின்றார். கண்ணால் படித்த பிழை மறையும். கையால் எழுதிய பிழை நிலைக்கும். 'கீழிருந்து மேல்' என்னும் தலைப்பு இனி எந்தத் தமிழிதழிலும் வாராது என்று ஒவ்வோர் இதழும் உறுதி பூணட்டும். பூணாத இதழுக்கு விடுவிப்போர் அஞ்சலட்டை எழுதட்டும். கவிழ்ந்த சொல்லைச் சுட்டிக்காட்டி, அவ்விடத்தில் நேராக நிற்கக்கூடிய தமிழ்ச்சொல்லையும் எழுதி அனுப்பட்டும். குறை கூறுவது எளிது. சொல்லைத் தேடிக் கொடுப்பதே தொண்டு.

கட்டம் சிறிதுதான். அதற்குள் நிற்கும் எழுத்தோ நெடுங்கால வழக்குடையது. அதை நேராக நிற்கவிடுக!